வந்தவர்கள் ஆக்கிய மலையூர்

போலந்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

கிராக்கோவ், வார்சா, விரோத்ஸ்வாஃப் என்று எந்த ஊர் விடுதியில் இருந்தாலும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்நேரம் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கும். தேர்வு முடிந்ததும் ஸகோபானே. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏற வேண்டியது, சனிக்கிழமை மோர்ஸ்கியே ஓகோ ஏரி, சாயங்காலம் குருப்பூஃப்கி கடைத்தெரு, ஞாயிற்றுக்கிழமை கேபிள் கார், அன்று ராத்திரியே திரும்பிவிட வேண்டியது. தலைக்கு எத்தனை ஸ்வோத்தி ஆகும் என்ற கணக்கும் முடிந்திருக்கும்.

போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. கட்டாயம் போங்கள். ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். மலையடிவாரத்தில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு கிராமத்தை ஊராக்கியதில் பெரும்பங்கு வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு உண்டு. இன்றைக்கு அந்த ஊரை மூச்சுமுட்ட வைப்பவர்களும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான். நீங்களும் நானும் இந்த நாட்டுக்கே வந்தவர்கள். ஆகவே எந்த வகையில் சேருவது என்ற கேள்வி நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கிராக்கோவுக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர். அதற்கப்பால் தாத்ரா மலை, மலைக்கு அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியா. தாத்ரா பெரிய மலைத்தொடர் இல்லை. அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் மட்டுமே போலந்துக்குச் சொந்தம். போலந்தின் உயரமான இடமான ரிஸி உச்சி 2,499 மீட்டர்தான். ஆனால் சமவெளி நாடான போலந்துக்கு ஆல்ப்ஸ் போன்ற பாறை மலை என்று இருப்பது இது ஒன்றே. அதனால்தான் முப்பதாயிரத்துக்கும் குறைவான ஆட்கள் வாழும் ஊரை ஒட்டியுள்ள தாத்ரா தேசியப் பூங்காவுக்கு ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகின்றன. அந்தக் கூட்டத்தில்தான் நீங்களும் போய்ச் சேரப் போகிறீர்கள்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வர யாருக்கும் காரணம் இருக்கவில்லை. மண்ணில் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் தவிர அதிகம் விளையாது. பக்கத்துக் குஸ்னித்ஸேயில் ஓர் இரும்பு உருக்காலை இருந்தது. அதற்கு விறகு தரவே காடுகள் வெட்டப்பட்டன. குராலே என்று அழைக்கப்படும் மலைமக்கள் ஆடு மேய்த்தார்கள், வேட்டையாடினார்கள், பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்தார்கள். பிறகு கப்பலேறினார்கள். சிகாகோவில் இன்றும் குராலே மக்களுக்கென்று தனிச் சங்கம் இருக்கிறது. அந்த ஊரில் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு. பிழைப்புக்காகக் கடல் தாண்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் ஊருக்குத்தான் போகிறீர்கள்.

முதலில் வந்து மாற்றியவர் ஒரு டாக்டர். வார்சாவில் பேர்பெற்ற மருத்துவரான தித்துஸ் ஹவுபின்ஸ்கி 1873-ல் இங்கே இருந்தபோது காலரா பரவியது. ஓய்வெடுக்க வந்தவர் குடிசை குடிசையாகப் போய் வைத்தியம் பார்த்தார். அதன்பின் ஆண்டுதோறும் வந்தார். காசநோய்க்கு இந்த மலைக்காற்று நல்லது என்று தன் நோயாளிகளையும் நண்பர்களையும் அனுப்பினார். அவர் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பில் ஊர் வளர்ந்தது. 1886-ல் அதிகாரபூர்வமான சுகவாச ஸ்தலமானது, 1899-ல் ரயில் வந்தது. அவருக்கு ஊரில் ஒரு சிலை உண்டு. அதைப் பார்க்காமல் வராதீர்கள். மேலே டாக்டரின் மார்பளவுச் சிலை. கீழே பாறையில் ஒரு கிழவர் கையில் பிடிலோடு உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சபாவா. வேட்டைக்காரர், கதைசொல்லி, ஊர் பாட்டுக்காரர், டாக்டரின் மலைத்துணைவர். பட்டணத்துப் படிப்பும் மலைக்காட்டு அனுபவமும் ஒரே பீடத்தில் இருக்கின்றன. 1903-ல் வைத்த சிலை அது.

அடுத்தவர் விவாதிஸ்வாஃப் ஸமோய்ஸ்கி என்ற பிரபு. உருக்காலைக்காரர்களுக்குப் பின் இந்த நிலங்களை வாங்கியவர்கள் காட்டை மொட்டையடித்துவிட்டுத் திவாலானார்கள். 1889-ல் ஸகோபானே ஏலத்துக்கு வந்தது. நோவி தார்க் ஊரின் காகித ஆலைக்காரர் ஒருவர் கடைசிவரை கேட்டார். காகித ஆலை கைக்குப் போனால் மிச்சக் காடும் கூழாகிவிடும் என்று பலரும் அஞ்சினார்கள். ஸமோய்ஸ்கியின் வக்கீல் கடைசி விலைக்கு மேலே வெறும் 3 செண்டு கூட்டிக் கேட்டு ஏலத்தை எடுத்தார். ஸமோய்ஸ்கி காட்டை வளர்த்தார். மோர்ஸ்கியே ஓகோ ஏரி ஹங்கேரிக்குச் சேர்ந்தது என்ற கோரிக்கையை எதிர்த்துப் பல ஆண்டுகள் விடாமல் வழக்காடினார். 1902-ல் கிராட்ஸ் நகரில் கூடிய நடுவர் மன்றம் ஏரியைப் போலந்துக்காரர்கள் பக்கம் தந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத அந்த மனிதர் 1924-ல் இறக்குமுன் சொத்து முழுவதையும் நாட்டுக்கு எழுதிவைத்தார். 1954-ல் அமைந்த தேசியப் பூங்காவுக்கு அடித்தளம் அந்த நிலம்தான். நீங்கள் செல்பி எடுக்கப்போகும் ஏரிக்கரை ஒரு மனிதர் வாங்கி, வழக்காடி, எல்லோருக்கும் என்று விட்டுப்போனது.

அந்த ஏலமும் வழக்கும் நடந்த காலத்தில் போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டிருந்தன. ஆஸ்திரியாவின் பங்கில் கெடுபிடி குறைவு. அதனால் மற்ற இரண்டு பகுதிகளின் எழுத்தாளர்களும் கலைஞர்களும் அரசியல்காரர்களும் சந்திக்கும் திண்ணையாக ஸகோபானே ஆனது. மேரி கியூரியின் அக்கா புரோனிஸ்வாவாவும் அவர் கணவர் துவூஸ்கியும் பக்கத்துக் கோஷ்சியேலிஸ்கோவில் 1902-ல் காசநோய் மருத்துவமனை திறந்தார்கள். அதற்கு முன்பே 1899-ல் கியூரி தம்பதியர் இங்கே வந்து போயிருக்கிறார்கள். 1914-ல் போர் மூண்டபோது இங்கிலாந்திலிருந்து வந்திருந்த நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் குடும்பத்தோடு இங்கேதான் ஒதுங்கினார். 1918 இலையுதிர் காலத்தில் ஆஸ்திரியப் பேரரசு உடைந்தபோது, புதிய போலந்து நிமிர்ந்து நிற்பதற்குள்ளாகவே, ஸகோபானே தன்னைத்தானே ஆண்டுகொள்ளத் தொடங்கிவிட்டது. அந்தச் சில வாரக் குடியரசின் தலைவர் ஸ்தெஃபான் ஜெரோம்ஸ்கி என்ற நாவலாசிரியர்.

வந்தவர்கள் ஊரைத் தங்கள் ஊர் மாதிரி மாற்றிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஸ்தானிஸ்வாஃப் வித்கியேவிச் ஓவியர், விமர்சகர், அவரும் வெளியூர்க்காரர். பணக்காரர்கள் சுவிட்சர்லாந்து பாணியில் மாளிகை கட்டத் தொடங்கியதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், மலைமக்களின் மரக் குடிசையை எடுத்துக்கொண்டு அதையே பெரிதாக்கி ஒரு கட்டடக் கலையை உருவாக்கினார். 1890-களின் தொடக்கத்தில் கட்டிய ‘கோலிபா’ அதன் முதல் வீடு. இப்போது அருங்காட்சியகம். உள்ளே போனால் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். முழு மரத்தைப் பாதியாகப் பிளந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். இரண்டு மரத்துக்கு நடுவிலுள்ள இடுக்கில் மரச்சீவலைக் கயிறாக முறுக்கிச் செருகியிருப்பார்கள். பெண் பிள்ளைக்குப் பின்னிவிட்ட சடை மாதிரி அது சுவர் நெடுக ஓடும். குளிர்காற்று புகாமல் இருக்க மலைமக்கள் கண்டுபிடித்த வழி. நேரம் கிடைத்தால் மேற்கே ஹோஹோவூஃப் கிராமத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். தெரு நெடுக அப்படிப்பட்ட வீடுகள். வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர்கள் தண்ணீரும் பிரஷும் எடுத்துக்கொண்டு வெளிச்சுவரைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். நூறு வருஷத்து மரம் புது மரமாக மஞ்சள் பூத்து நிற்கும்.

ஊரின் பழைய கல்லறைத் தோட்டமும் அப்படித்தான். பெயர் பென்க்ஸோவி பிஷிஸெக். 1847-ல் கட்டிய சின்ன மரக்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பளிங்கு கிடையாது. செதுக்கிய மரக் கம்பங்கள், கூரைபோட்ட சிலுவைகள், கல்லில் இரும்பு வேலைப்பாடு. டாக்டர் ஹவுபின்ஸ்கியும் சபாவாவும் இங்கேதான் உறங்குகிறார்கள். ஒரு கல்லறைக்குத் தனிக் கதை உண்டு. வித்கியேவிச்சின் மகன், வித்காத்ஸி என்று கையெழுத்திட்ட நாடகாசிரியர், 1939 செப்டம்பரில் சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்த மறுநாள் தற்கொலை செய்துகொண்டார். இறந்த இடம் இன்று உக்ரைனில் இருக்கிறது. 1988-ல் அரசாங்க மரியாதையோடு அவர் எலும்புகளைக் கொண்டுவந்து அம்மாவின் கல்லறையில் புதைத்தார்கள். 1994-ல் தோண்டிச் சோதித்தபோது அது யாரோ ஓர் இளம்பெண்ணின் எலும்பு என்று தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அதிகாரத்தைக் கேலி செய்தவர் அவர். செத்தும் கேலி செய்தார் என்று ஊரார் சொன்னால் மறுக்க முடியாது.

போர்க்காலத்தையும் இந்த ஊரில் ஒதுக்கிவிட முடியாது. ‘பேலஸ்’ என்ற ஹோட்டலைக் கெஸ்டபோ எடுத்துக்கொண்டு சித்திரவதைக் கூடமாக்கியது. பனிச்சறுக்கில் நாட்டுக்கே பெயர் வாங்கித் தந்த பிள்ளைகள் மலை தாண்டி ஹங்கேரிக்கு ரகசியக் கடிதங்களையும் ஆட்களையும் கொண்டுபோனார்கள். மூன்று ஒலிம்பிக்கில் பங்கேற்ற புரோனிஸ்வாஃப் செக் ஆஷ்விட்ஸில் 1944-ல் இறந்தார். ஹெலேனா மருசாஷைச் சுட்டுக்கொன்றார்கள். அவர் அண்ணன் ஸ்தானிஸ்வாஃப் கிராக்கோவ் சிறையின் மரண அறையிலிருந்து ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார். குளிர்காலத்தில் தொலைக்காட்சியில் பனித்தாவல் போட்டி பார்க்கிறீர்களே, அந்த ‘வியெல்கா குரோகியெஃப்’ சாய்தளத்துக்கு அவர் பெயர்தான். அங்கே படம் எடுக்கும்போது அவரை ஒரு நிமிஷம் நினையுங்கள்.

இனி மலையைப் பற்றி. இந்தப் பகுதியை மட்டும் நன்றாகப் படியுங்கள்.

1909 பிப்ரவரியில் மியெச்சிஸ்வாஃப் கர்வோவிச் என்ற இசையமைப்பாளர் கேமராவும் பனிச்சறுக்குக் கட்டையுமாகத் தனியே போனார். பனிச்சரிவில் புதைந்தார். வயது 32. அந்தச் சாவின் அதிர்ச்சியில் அதே ஆண்டு மலைமீட்புப் படை பிறந்தது. இன்று ‘தோப்ர்’ என்று எல்லோரும் அழைப்பது அதைத்தான். மறு ஆண்டே அதன் மிகச் சிறந்த வழிகாட்டி கிலிமெக் பாஹ்லேதா, அடிபட்டுப் பாறையில் சிக்கிய ஓர் இளைஞனைத் தேடி மழையிலும் மூடுபனியிலும் ஏறினார். திரும்பி வரச் சொல்லித் தலைவர் கட்டளையிட்டார். அவர் கேட்கவில்லை. கல் சரிந்து இறந்தார். ஆடு மேய்த்து வளர்ந்த அறுபது வயதை எட்டிய மனிதர், அறிமுகமே இல்லாத ஒரு பட்டணத்துப் பையனுக்காக உயிரைக் கொடுத்தார். அவரும் பென்க்ஸோவி பிஷிஸெக்கில்தான் இருக்கிறார்.

போலந்துப் பக்கம் மீட்புக்குக் காசு வாங்குவதில்லை. ஸ்லோவாக்கியப் பக்கம் வாங்குகிறார்கள், பில் பெரிதாக வரும். ரிஸி மாதிரி எல்லை உச்சிகளுக்குப் போகிறவர்கள் அதனால் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்புப் படையின் அவசர எண் 985. அதை இப்போதே போனில் பதிந்துவிடுங்கள். ஆனால் இலவசம் என்பதற்காக மீட்புக்காரனின் உயிரும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் வயதுப் பிள்ளைகளின் கதை ஒன்று உண்டு. 2003 ஜனவரியில் ஒரு பள்ளிக் குழு குளிர்காலத்தில் ரிஸி ஏறப் போனது. பனிச்சரிவு அவர்களை அடித்துக்கொண்டு போய் உறைந்த ஏரிக்குள் தள்ளியது. 8 பேர் இறந்தார்கள். சில உடல்கள் பனி உருகிய கோடையில்தான் கிடைத்தன. வெயில் காலமும் அபாயமில்லாதது அல்ல. ஊருக்கு நேர் மேலே தெரியும் கியெவொந்த் சிகரத்தில் 1901-ல் ஊரார் நட்ட 15 மீட்டர் இரும்புச் சிலுவை நிற்கிறது. ஏறப் பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் உண்டு. 2019 ஆகஸ்ட் 22 அன்று மத்தியானம் இடி இறங்கியது. போலந்துப் பக்கம் 4 பேர் இறந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் குழந்தைகள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அதனால் சொல்கிறேன். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு வழிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷூவுக்கடியில் மாட்டும் இரும்பு முள்பட்டை எல்லாக் கடையிலும் கிடைக்கும், வாங்கி மாட்டுங்கள். மீட்புப் படை தினமும் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். கோடையில் விடியற்காலை ஏறி, மத்தியானத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். தெற்கிலிருந்து வெதுவெதுப்பாக வீசும் ‘ஹால்னி’ காற்று கிளம்பினால் மேலே போகவே வேண்டாம். 2013 கிறிஸ்துமஸில் அது வீசியபோது காட்டில் மரங்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. அந்தக் காற்று அடித்தால் ஆட்களுக்கு மனம் சரியாக இருக்காது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஜீன்ஸும் ஸ்னீக்கரும் போட்டுக்கொண்டு ‘ஓர்லா பெர்ச்’ பாதைக்குப் போகும் யோசனை இருந்தால் அதை இன்றே கைவிடுங்கள். அந்தப் பாதை இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியிருக்கிறது.

மோர்ஸ்கியே ஓகோவுக்குப் போவது எல்லோராலும் முடியும். பாலெனித்ஸா வாகன நிறுத்தத்திலிருந்து கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் தார்ச்சாலை, இரண்டு இரண்டரை மணி நேர நடை. வழியில் குதிரை வண்டிகள் நிற்கும். ஏறாதீர்கள். குதிரைகள் வழியில் விழுந்த காட்சிகள் வெளியாகி ஆண்டுக்கணக்காகச் சர்ச்சை நடக்கிறது. மின்பேருந்து கொண்டுவரும் முயற்சியும் தொடங்கிவிட்டது. வண்டி ஓட்டும் குடும்பங்களுக்கும் வயிறு இருக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் நடக்கத் தெம்புள்ள இருபது வயதுப் பிள்ளைகள் இன்னொரு உயிரின் முதுகில் ஏறிப் போக எந்த அவசியமும் இல்லை. அந்த வண்டியும் ஏரிக்கு முன்னாலேயே இறக்கிவிடும், மிச்சத்தை நடந்துதான் ஆக வேண்டும்.

ஊருக்குள் வந்தால் குருப்பூஃப்கி. நம் ஊர்த் திருவிழாக் கடைத்தெரு அளவுக்குக் கூட்டம் இருக்கும். வெள்ளைக் கரடி வேஷம் போட்டவர் படம் எடுக்கக் காசு கேட்பார். பலகைகளில் அரபு எழுத்தும் இருக்கும், வளைகுடாவிலிருந்து இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். கிராக்கோவ் சாலை நீண்ட விடுமுறைகளில் மணிக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் புகை தேங்கி நிற்கும். சுகவாசத்துக்குப் பேர்போன ஊரில் காற்றுத் தரம் விதியை எட்டவில்லை என்று ஒரு பயணி வழக்குப் போட்டார். அந்த நிலையில் நல்ல தட்பவெப்பத்தைச் சொல்லிப் பயணிகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2018-ல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊர் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கிராமமான பான்ஸ்கா நிஸ்னாவில் பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரைக் கொண்டு ஸகோபானேயில் பல கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள். நிலக்கரி அடுப்பு முழுதாக ஒழிய இன்னும் காலம் ஆகும்.

கடைத்தெருவில் ‘ஓஸ்சிபெக்’ என்று கூவிக்கூவிப் பாலாடைக்கட்டி விற்பார்கள். அடுப்பில் வாட்டிக் கிரான்பெர்ரி ஜாம் வைத்துத் தருவார்கள். ருசியாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது உண்மையான ஓஸ்சிபெக் இல்லை. 2008-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புப் பெற்ற பெயர் அது. குறைந்தது 60 விழுக்காடு செம்மறியாட்டுப் பால் இருக்க வேண்டும். எடை 600 முதல் 800 கிராம், நீளம் 17 முதல் 23 சென்டிமீட்டர் என்று கணக்கு உண்டு. ஆடு மேய்ச்சலில் இருக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் செய்வார்கள். ஜனவரியில் பாக்கெட்டில் கிடைக்கும் குட்டிக் கட்டிகள் அநேகமாகப் பசும்பால்.

நிஜத்தைப் பார்க்க மலையிலுள்ள மேய்ப்பர் குடிலுக்குப் போக வேண்டும். தலைமை மேய்ப்பனைப் பாட்ஸா என்றும் உதவியாளனை யூஹாஸ் என்றும் சொல்வார்கள். கதவைத் தாண்டியதும் புகை கண்ணைக் கரிக்கும். கறந்த பாலைக் கொப்பரையில் சுடவைத்து, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்த்துத் திரிய விடுவார்கள். திரிந்ததை உடைத்து அள்ளி, வெந்நீரில் முக்கிமுக்கிக் கையாலேயே பிசைந்து பிழிவார்கள். நடுவில் பருத்து இரு முனையும் கூம்பிய வடிவம் வரும். செதுக்கு வேலை செய்த மர அச்சை நடுவில் மாட்டி அழுத்தினால் கட்டியின் இடுப்பில் கோலம் விழும். பிறகு உப்புத் தண்ணீரில் ஊறி, கூரைக்கடியில் பரணில் ஏறும். கீழே அணையாமல் எரியும் நெருப்பின் புகையில் நாட்கணக்காகப் பழுத்து, மேல்தோல் செம்பழுப்பாகும். சைவப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ரென்னட் விவரம் தெரிந்து முடிவு செய்யுங்கள். உருளைக்கிழங்கு ரொட்டியான ‘மொஸ்கோல்’ எங்கும் கிடைக்கும், வெண்ணெய் தடவிச் சாப்பிட்டால் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

இனி என் வேண்டுகோள்கள். சனி ஞாயிறைத் தவிர்த்து வாரநாளில் போங்கள். குறைந்தது இரண்டு இரவாவது தங்குங்கள். நடுத்தெரு ஹோட்டலைவிடக் குடும்பங்கள் அறை வாடகைக்கு விடும் வீடுகளில் தங்கினால் ஊர்க்காரரோடு நாலு வார்த்தை பேசலாம். நுழையும்போது ‘ஜென் தோப்ரி’ சொல்லுங்கள். மலைப்பாதையில் எதிரே வருகிறவருக்கும் சொல்லுங்கள், அது இங்கே வழக்கம். எல்லாவற்றையும் பார்க்க ஓடாமல் ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து ஒரு நாளைக் கொடுங்கள். என்னைக் கேட்டால் ஹோஹோவோஃப்ஸ்கா. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அங்கே புல்வெளி முழுக்க ஊதா நிறக் குரோகஸ் பூக்கும். அந்தப் பள்ளத்தாக்கு எட்டு கிராமங்களின் கூட்டுச் சொத்து, 1819-லிருந்து அவர்கள் கையில் இருக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கும்போது காசு அந்தக் கிராமங்களுக்குத்தான் போகிறது.

காட்டில் ஸ்பீக்கர் வேண்டாம். கரடிகள் இருக்கின்றன, மான்கள் இருக்கின்றன, உங்கள் பாட்டை அவை கேட்கவில்லை. எடுத்துப்போன பொட்டலத்தின் உறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பூப்படம் எடுக்கப் பாதையை விட்டு விலகிப் பூவை மிதிக்காதீர்கள். மார்ச் முதல் நவம்பர் வரை இருட்டிய பின் பூங்காவுக்குள் நடக்கத் தடை உண்டு. அதை மீறிப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது வீரம் இல்லை.

இத்தனை சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் கூட்டமாகப் போனால் யார் கண்ணிலும் தனித்துத் தெரிவோம். அங்கே நீங்கள் நடந்துகொள்ளும் விதம் உங்களோடு முடிவதில்லை, அடுத்து வரும் இந்தியப் பிள்ளைக்கு அறை கதவு திறக்கிறதா இல்லையா என்பதையும் தீர்மானிக்கும். இது நியாயமல்ல. ஆனாலும் நிலைமை அதுதான்.

வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வோம். வந்தார் வாழவைத்த ஊர் ஸகோபானே. அந்த டாக்டரும் பிரபுவும் ஓவியரும் அங்கே விருந்தாளிகள்தான். அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள், காட்டைக் காத்தார்கள், ஊர்க்காரனின் குடிசையை மதித்தார்கள். உங்களிடம் அவ்வளவு யாரும் கேட்கவில்லை. குதிரை வண்டியில் ஏறாமல் நடந்து போங்கள், நல்ல கட்டியைச் செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், மத்தியானத்துக்குள் மலையிறங்கிவிடுங்கள். இவ்வளவு செய்தால் போதும், நீங்கள் நல்ல விருந்தாளிகள். போய் வந்தபின் எனக்கு எழுதுங்கள். உங்களுக்குப் பின் வரும் ஜூனியர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
கிராக்கோவிலிருந்து உங்கள் அண்ணன்